கடலுக்கு முதுகு

என் தங்கை அனுசியா கானா நாட்டுக்குப் படிக்கப் போவதில் எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான் இருந்தது. அவள் ஜாதகத்தில் தண்ணியில் கண்டம். அப்பா புளியறை செக்போஸ்ட்டில் ஏட்டு. எந்த லாரிக்காரனுக்கும் அசைய மாட்டார், ஜோசியருக்கு மட்டும் நடுங்குவார். அம்மா ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்தாள்.

"குத்தாலத்துக்காரி பெத்த பிள்ளைக்கா தண்ணியில கண்டம்? போட்டும்."

அம்மா குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் பிறந்தவள். தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும், தண்ணீரைப் பற்றி அவளிடம் யாரும் பேசிவிட முடியாது. தப்பை ஒத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. குழம்பில் உப்புக் கரித்தால் உப்பு விற்றவனைத்தான் திட்டுவாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அனுசியா வீடியோ காலில் வந்தாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஒரு வேன் பிடித்து, தலைநகர் அக்ராவிலிருந்து கடலோரமாகவே மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். காலையில் அடிமைகளை அடைத்துவைத்த பழைய கோட்டையைப் பார்த்தார்களாம். இப்போது வேனை ஒரு கடற்கரையில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே இன்னும் வெயில். சற்றுத் தள்ளி ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே வலை இழுத்தார்கள். அந்தப் பாட்டு எங்கள் அடுக்களை வரை கேட்டது.

"எம்மா, எல்லாரும் இடுப்பளவு தண்ணியில நிக்காங்க. எனக்குத்தான் முடியல. அலை மூஞ்சியிலயே அடிக்குது, மூக்குல ஏறுது."

"கூறுகெட்டவளே, மூஞ்சிய என்னத்துக்குக் காட்டுதே? அருவியில எப்படி நிப்பே? முதுகைக் கொடு, கண்ணை மூடிக்கோ. தண்ணி அதுபாட்டுக்கு அடிச்சிட்டுப் போவும்."

குற்றாலத்தில் இது பாலபாடம். அருவிக்கு முகத்தைக் காட்டினால் மூச்சு முட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்தால் எவ்வளவு தண்ணீரையும் தாங்கலாம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் திருச்செந்தூரில் கணுக்கால் நனைத்ததோடு சரி. கடலில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

அனுசியா போனைத் தன் தோழி அகோசுவாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் எங்கள் பக்கம் திரும்பினாள். கடலுக்கு முதுகைக் கொடுத்து, கண்ணை மூடி, சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால் தண்ணீர் எழுந்தது. எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, திரும்புட்டி!" என்று கத்தினேன். அலை அவள் பிடரியில் விழுந்தது. அவள் நின்ற இடத்தில் நுரைதான் இருந்தது.

அகோசுவா போட்ட கூப்பாட்டில் படம் சுழன்றது. அப்புறம் திரை முழுக்க வானம். போனை மணலில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

இணைப்பு அறுந்து போகவில்லை, அதுதான் கொடுமை. வெளிறிய அந்த வானத்தையே நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். புரியாத மொழியில் ஆட்கள் கத்தினார்கள். யாரோ குறுக்கே ஓடியதில் மணல் தெறித்துப் பாதித் திரை மறைந்தது. வலை இழுத்தவர்களின் பாட்டு நின்றுபோயிருந்தது. அதைக் கவனித்ததும் அம்மா பக்கம் திரும்பினேன்.

"அப்பாவுக்குப் போன் போடட்டா?"

"போட்டு? அவரு புளியறையில இருந்து நீந்திப் போவாரா? பேசாம இரு."

அம்மா அதட்டினாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "திருமலைக் குமாரா, எம்பிள்ளைய கரையில போட்டுரு. போட்டுருய்யா." பண்பொழி முருகன் மலைக்குப் படியேறி வருகிறேன் என்றாள், மொட்டை போடுகிறேன் என்றாள். எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

திரையில் வானம் மட்டும் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கூச்சலுக்கு நடுவே யாரோ இருமினார்கள்.

"அவ இருமல்தான்" என்றாள் அம்மா. "அவளேதான்."

யாரோ போனை எடுத்தார்கள். அனுசியாவின் முகம் தெரிந்தது. தலையெல்லாம் மணல், நெற்றியில் சிராய்ப்பு, இடுப்பில் வலைக்கயிறு.

"ஒண்ணுமில்லம்மா. வலைக்காரங்க கயிறு போட்டு இழுத்துட்டாங்க."

பக்கத்தில் அகோசுவா அழுதுகொண்டே இங்கிலீஷில் ஏசினாள். கடலுக்கு யாராவது முதுகைக் காட்டுவார்களா, எந்த முட்டாள் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டாள். அனுசியா ஒரு நொடி எங்களைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன்" என்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள்.

அந்த அளவு இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரியும். நான் அவளைப் பார்த்தேன். மகளே தப்பிக்க வழி விட்டிருந்தாள், சும்மா இருந்தால் போதும். அம்மா போனை முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

"நோ, நோ. மதர் டோல்டு." நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "ஐ டோல்டு. அம்மைக்குக் கடல் தெரியாதுன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுட்டி."

அனுசியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கும்மா. நான் வேணா இங்கன இருந்தே பஸ் ஏறித் திரும்பிரட்டா?"

"என்னத்துக்கு? போயிட்டு வா. தண்ணியப் பத்தி எங்கிட்ட கேக்காத. அந்தப் பிள்ளைகிட்ட கேளு."

போனை வைத்த பிறகு அம்மா அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வரும் நேரமாகியிருந்தது.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்ல?"

"நானே சொல்லுதேன். கண்டம் தண்ணியில இல்ல, என் வாயிலதான் இருந்திருக்குன்னு."