வைரஸ் இல்லை என்று வந்த பதில்

திங்கட்கிழமை காலை சுந்தரேசனின் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் ஒரு விமானச் சரக்கு அலுவலகத்தின் கணினிகளைப் பதினான்கு வருடமாகக் கட்டி ஆள்பவர் அவர். வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையோ பிடித்திருந்தது. அது யார் எழுதிய புரோகிராம் என்று பார்த்ததும் மனிதருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

எழுதியவன் அருண்ராஜ். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக வேலை பார்க்கிறவன். சரக்குப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்க அரை நாள் ஆகும். இவன் புரோகிராம் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும். மேலாளர் ஜெயரத்தினம் போன மாதம் எல்லோர் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுத்து, "இத ஏன் நம்ம ஐடி செய்யல, சுந்தர்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சுந்தரேசனுக்கு இன்னும் செரிக்கவில்லை.

முன்பின் தெரியாத ஆள் எழுதிய கோப்பு என்றால் தடுப்பு மென்பொருள் வீணாகச் சந்தேகப்படும். தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதிதான். போன வருடம் பிரிண்டரோடு வந்த மென்பொருளையே அது பிடித்தது. ஐந்து நிமிடத்தில் விலக்கு கொடுத்து விடுவித்தவர் இதே சுந்தரேசன். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லேபிள் இல்லாமல் ஆர்க்கிட் பூப்பெட்டிகள் விமானத்தைத் தவறவிட்டன.

அருண்ராஜ் பதறி ஓடி வந்தான். "அண்ணே, வெள்ளிக்கிழமை என் வொர்க் பாஸ் ரினியூவல் முடிவாகுது. அது கெடைக்கலன்னா ஊருக்குத் திரும்பிப் போகணும். இது ஃபால்ஸ் அலாரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. சோர்ஸ் கோட் மொத்தமும் தர்றேன்."

"கொடு லா, தம்பி. ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே அனுப்பிக் கேட்டுடுவோம். நான் இருக்கேன்ல, ஏன் பயப்படுற?"

நம்பினான், அப்பாவி. கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

வியாழன் காலை பதில் வந்தது. கோப்பில் வைரஸ் இல்லை, தவறாகப் பிடித்துவிட்டோம், மன்னிக்கவும். சுந்தரேசன் அதை இரண்டு முறை படித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் தேக்கா சந்தையில் இறங்கி வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டார். பாவி, ஏப்பம் கூட விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜெயரத்தினம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "சுந்தர், பதில் வந்துச்சா? வைரஸா, இல்லையா?"

"இன்னும் வரல சார். வராம நான் கேரண்டி கொடுக்க முடியாது."

"என்னால ரிஸ்க் எடுக்க முடியாது, அருண். சாரி."

அன்றைக்கே அருண்ராஜின் அலுவலக அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை சுந்தரேசன் அதே புரோகிராமுக்கு விலக்கு கொடுத்து ஓடவிட்டார். அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடவில்லை.

"கோட்ல பிரச்சினை இருந்துச்சு சார். உக்காந்து நானே சரி பண்ணிட்டேன்."

ஜெயரத்தினம் அவர் முதுகைத் தட்டினார்.

மாதக் கடைசியில், விமான நிலையத்திலிருந்து அருண்ராஜின் செய்தி வந்தது. "ஊருக்குக் கெளம்புறேண்ணே. எனக்காக அனுப்பிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான், மறக்கமாட்டேன். அந்தப் பதில் வந்தா அனுப்புங்க. ஏன் வேலைய விட்டு எடுத்தாங்கன்னு போற எடமெல்லாம் கேக்குறாங்க. அதக் காட்டினாத்தான் நம்புவாங்க."

சுந்தரேசன் தட்டினார்: "இன்னும் வரல தம்பி. வந்ததும் கண்டிப்பா அனுப்புறேன்."

அனுப்பிய கையோடு, அந்தப் பதிலைத் தேடி எடுத்து அழித்தார்.