எட்டரை மணி வகுப்பு

காலை எட்டரை மணி வகுப்பு என்னுடையது என்று பதிவேடு சொல்கிறது. இரண்டு வருடமாக அதை நடத்தியவள் எங்கள் துறையின் தற்காலிக விரிவுரையாளர். மூட்டு வலி, மாடி ஏற முடியவில்லை, ஒரு வாரம் பார்த்துக்கொள் என்றுதான் கேட்டேன். மூட்டு வலி போய்விட்டது, காலைத் தூக்கம் பழகிவிட்டது. பத்து மணிக்கு நிதானமாக வந்து பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுவேன். அவள் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அரசு, பல்கலைக்கழகத்துக்குத் தரும் நிதியில் கால்வாசியை வெட்டியது. உடனே சுற்றறிக்கை வந்தது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் பாடம் நடத்தாத தற்காலிகப் பணியிடங்கள் ரத்து. துறைத்தலைவர் சான்று தர வேண்டும். என் கெட்ட நேரம், துறைத்தலைவர் நான்தான்.

பதிவேட்டின்படி அவளுக்கு ஒன்பது மணி நேரம். என் பெயரில் இருக்கும் எட்டரை மணி வகுப்புகள் ஐந்தையும் சேர்த்தால் பதினான்கு. கூட்டத் தெரியாதவனா நான்? புள்ளியியல் பேராசிரியர்!

"உள்ளதை எழுதிட்டுப் போங்களேன், என்ன ஆயிடும்?" என்றாள் மனைவி.

"ரெண்டு வருஷமாப் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடும். ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு."

"நம்ம சின்னவ வயசுதாங்க அவளுக்கு."

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன். மறுநாள் ஒன்பது என்றே எழுதினேன்.

நேற்று அவளுக்குக் கடைசி நாள். என் அறைக்கு வந்தாள். கிழிகிழியென்று கிழிக்கப் போகிறாள் என்று அரசாங்கம், மேலிடம் என எல்லாச் சாக்கையும் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரு நோட்டை மேசையில் வைத்தாள்.

"எட்டரை மணி வகுப்புக்கு சார். எதுவரைக்கும் நடத்தியிருக்கேன்னு குறிச்சிருக்கேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணுக்குக் காது சரியாக் கேக்காது. சத்தமா நடத்துங்க."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கணுமா சார்? நீங்களே உள்ளதை எழுதிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

இன்று எட்டரைக்கு வகுப்பில் நின்றேன். பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து இரண்டு வருடத்தில் முதல்முறையாக உண்மையாக இருந்தது. முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான்.

"எங்க மேடம் இனிமே வர மாட்டாங்களா சார்? ஏன் சார்?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் காதோரம் கையைக் குவித்தபடி எழுந்து நின்றாள்.

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."