வலது நூல்

டோரதி அத்தை, இறந்து கிடந்த வால்டருடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. ஜெபமாலையைச் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு மரக் கைப்பிடி இறுகிக் கிடந்தது. நோரா வெந்நீரில் துணியை நனைத்து அப்பாவின் முஷ்டிமேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. கைப்பிடியிலிருந்து அறுந்த நைலான் நூல் ஒரு சாண் தொங்கியது.

வால்டர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் டிரேசிங் பேப்பரில் அவர் வரைந்ததெல்லாம் காத்தாடிகள்தான். குடைத்துணியும் மூங்கிலும் வைத்துக் கட்டுவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நூல். இடது நூலை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலப்பக்கம். சாந்தோம் கடற்கரையில் நின்று வானத்தில் எட்டு போட வைப்பார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வலது நூலை நோரா பிடித்தாள். அவர் இழு என்றால் இழுப்பாள், விடு என்றால் விடுவாள். பெரும்பாலும் காத்தாடி தலைகுப்புற மணலில் குத்தும். அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, காத்தாடியில் கட்டும் நூலின் அளவை மாற்றி இடது கையால் மறுபடி வரைவார். வாரத்துக்கு ஒரே ஒரு விடுமுறை. முப்பத்திரண்டு வயதில், சுண்டல் தின்றபடி கூட்டம் வேடிக்கை பார்க்க அப்படி நிற்பது அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

நேற்று ஞாயிறு. தான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்யூட்டி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். எதுவும் வாங்கவில்லை. இரவு எட்டு மணிக்குத் திரும்பியபோது வாசலெல்லாம் செருப்புகள்.

இன்று காலை பத்து மணிக்கு மீனவக் குப்பத்து வேலு மாலையோடு வந்தான். நேற்று கடற்கரையிலிருந்து அவரைத் தூக்கி வந்தவன் அவன்தான். அத்தை கேட்டதால் நடந்ததைச் சொன்னான்.

"தனியா வந்தாரும்மா. இன்னா சார், பொண்ணு வர்லியான்னேன். ட்யூட்டி கீதுப்பான்னாரு. ஒரு நூல என் கட்டுமரத்துல கட்டிட்டு, ஒண்ண கைல புடிச்சிக்கினு நின்னாரு. நல்லாத்தான் போச்சு. அப்பால ஒரே பக்கமா சுத்திக்கினே வந்து விழுந்துச்சு. எடுத்தாரலாம்னு ஓடினேன். திரும்பிப் பாத்தா சார் சாஞ்சி கெடக்காரு."

நோரா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அத்தை அவளைப் பார்க்காமல் வேலுவுக்குக் காபி கொண்டுவரப் போனாள்.

மூன்று மணிக்கு மாதா கோயிலில் பூசை. நாலரைக்குக் கல்லறையில் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் அங்கிருந்தே கலைந்து போனார்கள்.

வீட்டில் அத்தையும் அவளும் மட்டும். அத்தை கஞ்சியை ஆற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"நேத்து கோயில் ஆபீஸ்லேர்ந்து உன் எக்ஸ்சேஞ்சுக்கு போன் பண்ணேன்," என்றாள். "இன்னிக்கு நோராவுக்கு ஆஃப்னாங்க."

நோரா கரண்டியை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. நீ சாப்பிடு."

பாதிக் கஞ்சி குடித்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய், நேற்று அவர் போட்டிருந்த பேண்ட்டை வாளியில் நனைத்தாள். அலசினாள். அடியில் மணல் படிந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்து மறுபடி அலசினாள். மடிப்புகளிலிருந்தும் பையிலிருந்தும் இன்னும் மணல் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வாளிக்குக் குழாயைத் திறந்தாள்.