ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை

ஒன்பது நாளாக மழை இல்லை. வாசல் புல்லின் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. அப்படியிருந்தும் வென்டல் ஸ்ட்ராண்டின் வீட்டு நிலவறையில் பம்பு ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பம்பின் வேலை எளிது. நிலவறைச் சுவரைச் சுற்றி, மண்ணுக்குள், துளைபோட்ட குழாய் ஒன்று புதைந்திருக்கும். மண்ணில் ஊறும் தண்ணீர் அதில் இறங்கி, மூலையில் இருக்கும் குழிக்கு வந்து சேரும். குழி நிறைந்தால் மிதவை எழும்பும். மிதவை எழும்பினால் பம்பு ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். மழை விட்ட பிறகு இரண்டு நாள் ஓடி ஓய்ந்துவிட வேண்டும். அயோவா மாநிலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வென்டல் வீட்டிலும் முப்பத்தோரு வருடம் அப்படித்தான் இருந்தது. இந்த மூன்று வருடமாகத்தான் அது ஓய்வதில்லை.

எல்ம் ஃபோர்க் ஊரின் பள்ளிப் பேருந்துகளை நாற்பது வருடம் பழுது பார்த்தவர் அவர். சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போனது என்று சொல்வார். ஆனால் இது பிடிபடவில்லை. குடிநீர்க் குழாய் எங்கோ ஒழுகுகிறதா என்று வால்வை மூடிப் பார்த்தார். மீட்டர் முள் அசையவே இல்லை. நகராட்சி ஆள் வந்து குழித் தண்ணீரில் குடிநீருக்குப் போடும் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தான். இல்லை. "மண்ணுத் தண்ணிதான் சார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வென்டல் பம்பை மாற்றினார், மிதவையை மாற்றினார். புதுப் பம்பும் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிசோனாவிலிருந்து மகன் கர்ட் கூப்பிடுவான்.

"அப்பா, பம்பு நின்னுச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்டா."

"மூணு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கீங்க. ஒருநாள் கரண்டு போச்சுன்னா முழங்கால் தண்ணியில நிப்பீங்க. எழுபது வயசுல தனியா அந்தப் படியில ஏறி இறங்கி… வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா."

கடைசியில் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் உறைபனி விழுவதற்குள் பம்பு நிற்காவிட்டால் வீட்டை விற்றுவிடுவது. இப்போது செப்டம்பர் பாதி.

மனைவி ஜோலீன் போனபின் அந்த வீட்டில் குரல் என்று இருந்தது அந்தப் பம்புக்குத்தான். சாப்பிடும்போது அது உறுமினால், "கேக்குது, கேக்குது," என்பார் வென்டல்.

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் லுண்டும் தனியாகத்தான் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம், அதில் லைலாக் பூச்செடிப் புதர். ஜோலீன் இருந்தவரை, அந்தப் புதருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பெண்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் வென்டலுக்கு வேலையே இருந்ததில்லை. ஜோலீனை அடக்கம் செய்த வாரம் ஆர்டிஸ் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் இறைச்சியும் சுட்டுக் கொண்டுவந்தாள். அவர் தட்டைக் கழுவி அவள் வாசல்படியில் வைத்துவிட்டு மணியடிக்காமல் வந்துவிட்டார். அதன் பிறகு காரில் போகும்போது வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவதோடு சரி. இந்தக் கோடையில் அதுவும் நின்றது.

காரணம் நகராட்சியின் புதுக் கட்டணம். விமானத்திலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு மனையிலும் மழையை உறிஞ்சாத கூரையும் சிமென்டும் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்கு மாதக் கட்டணம். வரும் பணத்தில் மழைநீர் வடிகால்களைப் புதுப்பிப்பார்கள்; அவர்கள் இருவரும் இருக்கும் ஹிக்கரி தெருவில்தான் முதல் வேலை. புதுவடிகால் வந்தால் பம்பு நின்றுவிடும் என்று வென்டல் நம்பினார். 'வடிகால் வேண்டும்' என்ற அட்டையைத் தன் புல்வெளியில் நட்டார். மறுநாள் காலை ஆர்டிஸ் புல்வெளியில் முளைத்திருந்தது: 'மழைக்கும் வரியா?'

செவ்வாய்க்கிழமை மாலை நகர மன்றத்தில் பொதுக் கருத்துக் கேட்பு. உட்கார இடமில்லை. பேச விரும்புகிறவர் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும், மூன்று நிமிடம், மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். வென்டல் தன் பேச்சை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார். அதை வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோதுதான், பல மாதமாகத் தான் தொடர்ந்து மூன்று நிமிடம் பேசியதில்லை என்பது அவருக்குப் பட்டது.

டிராக்டர் கடைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்கு மழைக்குக் காசு. நாளைக்கு வெயிலுக்கு மீட்டர் மாட்டுவீங்களா?"

"பனிக்கும் சேத்துப் போடுங்க, ஜனவரியில ஊரே திவால்!" என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

மேயரம்மா மேசையைத் தட்டினார். அடுத்து ஆர்டிஸ் எழுந்தாள்.

"ஆர்டிஸ் லுண்ட், 416 ஹிக்கரி தெரு. நான் தனி ஆளு. மூணு வருஷமா என் பம்பு ஓயல. ஒன்பது நாளா மழை இல்ல, இன்னைக்கும் ஓடுது. ஏழு நிமிஷத்துக்கு ஒருக்கா. கடிகாரத்த வெச்சுப் பாத்துட்டேன். வானத்துலேருந்து வராத தண்ணிய உங்க வடிகால் எப்படிம்மா கொண்டுபோகும்? என் கூரை அளவுக்குக் காசு கேக்குறீங்க. இது என் கூரைத் தண்ணியே இல்லையே!"

கைதட்டல் எழுந்தது. வென்டல் தட்டவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி இருந்தார். ஏழு நிமிடம். மூன்று வருடம்.

"வென்டல் ஸ்ட்ராண்ட்," என்று கூப்பிட்டார்கள். போய் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது.

"வென்டல் ஸ்ட்ராண்ட், 414 ஹிக்கரி." அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆர்டிஸ், உங்க பம்புக் குழாய் வெளியில எங்க கொட்டுது?"

"சார், நீங்க மன்றத்தைப் பாத்துத்தான் பேசணும்," என்றார் மேயரம்மா.

"சரிங்கம்மா. மேயரம்மா, ஆர்டிஸோட பம்புக் குழாய் எங்க கொட்டுதுன்னு நீங்க அவங்கள கேக்க முடியுமா?"

"யோவ், பக்கத்து வீட்டுக்காரங்கதானே, கதவத் தட்டிக் கேக்கலாமே!" என்றார் டிராக்டர் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "லைலாக் புதர்ல," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "எப்பவும் அங்கதான். ஏன்?"

"என்னோடதும் அங்கதான்," என்றார் வென்டல்.

இன்னும் இரண்டு நிமிடம் பாக்கியிருந்தது. அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் அவர் வீட்டுக் குழாய் கார் நிறுத்தும் சிமென்டுத் தரையில்தான் கொட்டும். தண்ணீர் அப்படியே தெருவுக்கு ஓடிவிடும். ஆனால் குளிர்காலத்தில் அது அங்கேயே கண்ணாடிபோல் உறையும். ஜோலீன் சிகிச்சைக்குப் போய்வந்த கடைசிக் குளிர்காலத்தில், காருக்கு நடக்கும்போது அவள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, குழாயைத் திருப்பிப் புதருக்குள் விட்டார். எல்லாவற்றையும் சோதித்த மனிதர் அந்த ஒரு குழாயைச் சந்தேகப்பட்டதே இல்லை. அது அவளுக்காகச் செய்தது.

மறுநாள் காலை அவர் ஆர்டிஸ் வீட்டு மணியை அடித்தார்.

"கேக்குல கலக்குற சிவப்புச் சாயம் இருக்கா?"

"கிறிஸ்துமஸுக்கு வாங்கினது நாலு பாட்டில் இருக்கு. எதுக்கு, கேக் சுடப் போறீங்களா?"

"என் குழியில ஊத்தப் போறேன். உங்க குழியில என்ன வருதுன்னு பாக்கணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாட்டில்களை எடுத்து வந்தாள்.

நான்கையும் தன் குழியில் ஊற்றிவிட்டு அவள் நிலவறைக்கு இறங்கினார். அவருடைய நிலவறை போலவே இருந்தது. அதே ஈர வாடை, அதே மூலையில் குழி, அதே உறுமல். இரண்டு மடக்கு நாற்காலி போட்டுக் கையில் காபியோடு குழியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"ஜோலீன் இருந்திருந்தா இத ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பா," என்றாள் ஆர்டிஸ்.

"எப்படி?"

"'என் பம்பு நிக்கவே மாட்டேங்குதுடி'ன்னு நான் சொல்லியிருப்பேன். 'எங்களோடதும்தான்'னு அவ சொல்லியிருப்பா."

வென்டல் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அப்படியெல்லாம் பேச வராது."

"தெரியும். தட்டக் கழுவி வெச்சுட்டு ஓடினீங்களே."

ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து, துளைக்குழாயின் வாயிலிருந்து குழிக்குள் விழுந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பம்பு ஓடி அதை மறுபடி புதருக்குள் அனுப்பியது.

விஷயம் இதுதான். புதர்ப் பள்ளத்துக்கு அடியில் கெட்டிக் களிமண். தண்ணீர் கீழே இறங்காது. ஆனால் நிலவறை கட்டத் தோண்டிய இடத்தைத் திரும்ப நிரப்பிய மண், சுவரையொட்டி எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, எந்தக் குழி இப்போது காலியானதோ அந்தப் பக்கம் போகும். ஆர்டிஸ் வீட்டுத் தண்ணீரை மட்டும் அந்தப் பள்ளம் எப்படியோ தாங்கிக்கொண்டது. அவர் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்த பிறகு தாங்கவில்லை. மூன்று வருடமாக அவர்கள் ஒரே தண்ணீரை மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான்குக்கு மூன்று வாக்கு என்று மன்றத்தில் கட்டணம் நிறைவேறியது. "நான் இப்பவும் எதிர்ப்புதான்," என்றாள் ஆர்டிஸ். வென்டல் இப்போதும் ஆதரவுதான். இரண்டு அட்டையும் புல்வெளியில் அப்படியே நிற்கின்றன.

இரண்டு வீட்டுக் குழாயையும் மாற்றும் வேலை முடிந்து மூன்றாம் நாள் சாப்பிடும்போது வென்டல் முள்கரண்டியைப் பாதியில் நிறுத்திக் காத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. ஏழு நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. வீடு இவ்வளவு பெரிதாக இருந்தது அவருக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல் கர்ட்டைக் கூப்பிட்டார்.

"நின்னுடுச்சுடா. வீட்ட விக்கல."

"எப்படிப்பா? என்ன செஞ்சீங்க?"

அவர் சொன்னார். இரண்டு வீட்டுக் குழாயும் புதருக்குள் ஒரு கவட்டை இணைப்பில் சேர்கின்றன. ஒருவர் தண்ணீர் மற்றவர் குழிக்குத் திரும்பாதபடி ஒவ்வொரு குழாயிலும் ஓர் ஒருவழி வால்வு. அங்கிருந்து ஒரே குழாய், தண்ணீர் நின்று உறையாமலிருக்க எட்டு அடிக்கு ஓர் அங்குலச் சரிவில், அறுபது அடி ஓடி, பின்சந்து ஓடையில் கொட்டுகிறது.