அண்ணன் கேட்ட கட்டுரை

என் அண்ணன் பஸ் டிரைவர். நான் நுரையீரல் மருத்துவர். மாதம் ஒரு முறை, என் நோயாளிகளைப் பற்றி அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு பத்திரிகையில் எழுதுவேன். இதழ் வந்ததும் டெப்போ கேன்டீனில் நாலு பேரைக் கூட்டி வைத்து அண்ணன் உரக்கப் படிப்பான். படித்த கையோடு எனக்குப் போன் வரும்.

"ஏம்மா, உன்கிட்ட வர்றவங்க யாருமே பொழைக்க மாட்டாங்களா? எங்க கண்டக்டர் தும்மல் வந்தாக்கூட உன் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டேங்கிறான்."

"பொழைச்சவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிடறாங்கண்ணா. செத்தவங்கதான் என்கூட வீட்டுக்கு வந்துடறாங்க."

"அப்ப உன் வீட்டுல இடமே இருக்காதே!" என்று சிரிப்பான்.

அவனுக்கு இருமல் வந்தது. டீசல் புகை என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தவனை அண்ணிதான் ஒருநாள் பிடித்த பிடியாக இழுத்து வந்தாள். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. இப்படிப்பட்ட படங்களை எத்தனையோ பேருக்கு விரல் வைத்துக் காட்டி விளக்கியிருக்கிறேன். அன்று கை எழவில்லை. அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

"சரி விடு, படம் எங்கயும் ஓடிடாது. நீ முதல்ல உக்காரு," என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சிகிச்சையை என்னுடன் வேலை செய்யும் மருத்துவரிடம் ஒப்படைத்தேன். நெஞ்சில் கோத்த நீரை எடுத்தார்கள், மறுபடி கோத்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. "இப்பத்தான் அச்சு அசலா அப்பா மாதிரி இருக்கேன்," என்று தலையைத் தடவிக்கொண்டான். ஒருநாள் திடீரென்று, "என்னைப் பத்தி ஒண்ணு எழுதேன். ஒரே கண்டிஷன், நான் பொழைச்சுக்கணும்," என்றான்.

எழுதினேன். கட்டுரையில் டிரைவர் குணமாகி, மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறார். கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும்மா இவன்? 'என் பயணம் தொடரும்'னு எந்த டிரைவர் பேசுவான்? டெப்போவுல சொன்னா ஓட ஓட விரட்டுவாங்க."

மூவரும் சிரித்தோம். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தத் தாளைப் பிறகு நான் தொடவில்லை.

இனி அதிக நாள் இல்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு பிற்பகல், குளித்து உடை மாற்றி வர அண்ணி வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் ஆக்ஸிஜன் மாஸ்கை விலக்கினான்.

"ஜன்னலைத் தொற."

திறந்துவிட்டு வந்து, பழக்கத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சமையலறையில் அண்ணி கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாரு? என்னைக் கேட்டாரா?"

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்விதான். 'உங்களைத்தான் கேட்டான் அண்ணி' என்ற வாக்கியம் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அவளுக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனால் அண்ணன் விட்டுப் போனது ஒரே ஒரு வாக்கியம். அதை எடுத்துவிட்டு என்னுடையதை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஜன்னலைத் தொறக்கச் சொன்னான் அண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் கையிலிருந்த பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அவருக்கு எந்நேரமும் காத்து வேணும். குளிர்லகூடத் தொறந்து போட்டுத்தான் தூங்குவாரு. நான்தான் எந்திரிச்சு எந்திரிச்சு மூடுவேன்."

அவன் போனதிலிருந்து அழாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.