எர்த் குழிக்குத் தண்ணீர்

தண்ணீரைப் பீய்ச்சிச் சுவர் கழுவுகிற பிரஷர் வாஷரை நைனாவுக்கு வாங்கிக்கொடுத்தது நான்தான். கார்த்திகையில் அம்மா போனதிலிருந்து நைனா சித்தூர் வீட்டில் தனியாக இருந்தார். எனக்குத் திருப்பதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம், அதில் என்ன ஓடியது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. எங்களுக்கு அழுகைகூட வரவில்லை. துக்கம் கேட்க வந்த அத்தைகள் அதை நன்றாகக் கவனித்துக்கொண்டு போய் ஊரெல்லாம் சொன்னார்கள்.

அந்த வருஷ மழையில் காம்பவுண்டு சுவரெல்லாம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. மனுஷனுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

திருப்பதிக் கடைக்காரர் முதலில் லாரி கழுவுகிற மெஷினைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார். இருநூறு பார் அழுத்தம். அதை வைத்து அடித்தால் சுவரில் பாசி போகும், கூடவே பூச்சும் போகும் என்று தெலுங்கில் கொஞ்சம் சண்டை போட்ட பிறகு, நூற்றிருபதில் ஒன்றை எடுத்துவைத்தார். இரும்புப் பிடியும் சக்கரமும் இருந்தன. தண்ணீரை விசிறி மாதிரி விரித்து அடிக்கும் மூக்கு ஒன்று, ஊசியாக அடிக்கும் மூக்கு ஒன்று. ஊசி மூக்கு தோலைக் கிழித்துவிடும், கை கால் பக்கம் திருப்பவே கூடாது என்றார். கடைசியாக, வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, கரெண்ட் கசிந்தால் தானாக அணைந்துபோகிற பிரேக்கர் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

"எங்க நைனா லைன்மேனா இருந்து ரிடையர் ஆனவருங்க" என்றேன்.

வெங்கடரமணன் என்று நைனா பேரைச் சொன்னால் சித்தூரில் கரெண்ட் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கையுறை போடாத ஆளைக் கம்பத்தில் ஏறவிட மாட்டார். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டதற்காக நான் சின்ன வயதில் வாங்கிய அடிக்குக் கணக்கே கிடையாது. அவர் வீட்டு எர்த்தைப் பற்றி எனக்கு ஒருத்தர் பாடம் எடுப்பதா?

அடுத்த ஞாயிறு போனபோது சுவர் பாதி வெளுத்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு முழுசாக வெளுத்திருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கும் அடுத்த வாரம் போனால், கழுவிய சுவரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். பங்குனி வெயில். வாசலெல்லாம் தண்ணீர். அதில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தார்.

நானும் செருப்பைக் கேட் பக்கத்திலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம் என்று பிடியைத் தொட்டதும் முழங்கைவரை சுர்ரென்று ஏறியது. கையை உதறினேன்.

"நைனா, மெஷின்ல ஷாக் அடிக்குது."

"ஆமா" என்றார். கழுவுகிற குழாயின் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வாங்கியாந்த அன்னிலேர்ந்து."

நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

"சாவறதுக்கா உனக்கு இத வாங்கிக் குட்த்தேன்?"

"சாவறதுக்கு இல்லம்மா. தொட்டா கை லேசா சுர்ருங்குது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியுது. வேற ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் பயமாக இருந்தது.

"எர்த்துக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டேன்.

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பலகைக் கல்லைக் காலால் தள்ளினார். கீழே குழி. நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் கரி. எல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"இந்த ஊர் மண்ணு கோடையில சுத்தமா காஞ்சிப்பூடும். தண்ணி ஊத்திக்கினே இருந்தாத்தான் கசியற கரெண்ட் மண்ணுல எறங்கும், எர்த் வேல செய்யும். கல்யாணமாகி வந்த புதுசுல உங்கம்மாகிட்ட சொன்னேன், வெள்ளிக்கெழம வாசல் தெளிச்சிட்டு இதுல ஒரு பக்கெட் ஊத்துன்னு. அதுக்கப்புறம் ஒருநாளும் ஊத்தினியான்னு கேட்டதில்ல. இத்தினி வருஷமா ஊத்திக்கினே இருந்துக்கறா."

"தெரிஞ்சிம் நீ ஊத்தல."

"ஊத்தல. அது சுந்தரி வேல. நான் ஊத்திட்டா, அவ இனிமே வரமாட்டான்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவள் எனக்கும் அம்மாதானே. விடுவிடுவென்று வாசலுக்குப் போனேன். தண்ணீரில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையால் மெஷின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுவிட்ச் பக்கம் நீட்டினேன். அவரை மிரட்டுவதற்காக மட்டும் செய்யவில்லை. எனக்கும் ஏதாவது ஒன்று உறைக்காதா என்றுதான் இருந்தது.

மாதக்கணக்காகக் காலை இழுத்து இழுத்து நடந்த மனுஷன் ஓடி வந்தார். பிளக்கைப் பிடித்துத்தான் கழற்றணும் என்று ஊருக்கே சொன்னவர், ஒயரோடு பிடித்துப் பிடுங்கிப் போட்டார்.

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?"

"அதத்தான் நைனா நானும் கேக்கறேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு பக்கெட்டை எடுத்துக் குழாயடியில் வைத்தார். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழியில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய கணமே உள்ளே போய்விட்டது. இன்னொரு பக்கெட் ஊற்றினார். அதுவும் போனது. கரெண்ட் கசிந்தால் அணைகிற பிரேக்கர் ஒன்று மாட்டணும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். குழியில் தண்ணீர் தேங்கி நிற்க ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கல்லுப்பு எடுத்தா. அப்பத்தான் குழியில ஈரம் நிக்கும்."

சமையலறைக்குப் போனேன். அம்மா இருந்தவரை சாமானெல்லாம் ஆறு மாதத்துக்கு மொத்தமாக அவள்தான் வாங்குவாள். அவள் நிரப்பி வைத்துவிட்டுப் போனதை வைத்துத்தான் நைனா இத்தனை நாள் பொங்கித் தின்றிருக்கிறார். ஒரு டப்பாவிலும் புதுசாக எதுவும் விழுந்திருக்கவில்லை. அரிசியும் பருப்பும் அடியில் கிடந்தன. உப்பு ஜாடியில் மட்டும் பாதி இருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அவர் கையால் அள்ளிப் போடுவார் என்று நினைத்தேன். ஜாடியைக் குழியின்மேல் கவிழ்த்து, அடியில் தட்டினார்.

"எல்லாத்தியுமா? சமையலுக்கு, நைனா?"

"போவட்டும். சாயங்காலம் கடைக்குப் போயி வேற வாங்கியாரேன்" என்றார்.