நன்றிப் பக்கத்தில் சித்ரலேகாவின் பெயர்

சித்ரலேகாவின் இதயம் வலப்பக்கத்துக்கு மாறியதற்கு ஐயம்பெருமாள் எழுதிய துப்பறியும் கதைதான் காரணம். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறவர். அவருடைய கதையில் வரும் டாக்டர், குண்டடிபட்டுக் கிடந்தவனின் வலது மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உயிர் இருக்கிறது என்பார். கதையின் கீழே, ‘மருத்துவத் தகவல்களுக்கு நன்றி: செவிலியர் சித்ரலேகா, திருநெல்வேலி டவுண்’ என்று அச்சாகியிருந்தது. பத்திரிகை கடைக்கு வந்த அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த சித்ரலேகாவுக்குத் துடிப்பு இடம் மாறிக் கேட்டது. ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், பிறவியிலேயே இப்படி இருந்திருக்கும், இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னார். பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டில் கால் நூற்றாண்டு வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவளிடம் அவர் இதைச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேட்டைக்கு டவுண் பஸ் ஏறினாள்.

“இடப்பக்கம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா அண்ணாச்சி?”

“சொன்னீங்க சிஸ்டர். எதிர்க்க நின்னு பாக்குதவனுக்கு அது வலப்பக்கம்தானேன்னு மாத்திட்டேன்” என்றார் ஐயம்பெருமாள். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆறு மாதம் கழித்து அந்தக் கதை தொகுப்பில் வந்தபோது திருத்திவிட்டார். இதயமும் அன்றே திரும்பி வந்தது. அப்போது சித்ரலேகா வழுக்கோடை நிறுத்தத்தில் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எழுதுகிறவர்களுக்குத் தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற புதிதில் அவளாகத்தான் போனாள். ஐயம்பெருமாளின் பட்டறைக்கு மேலே இருக்கும் அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர்கள் கூடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியிலும் சேலையிலும் இரும்புத் தூள் மினுங்கும். அங்கே போய் அவள், நான் பெரிய எழுத்தாளி இல்லை, நாலைந்து கதை எழுதியிருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரியும், கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். மயக்க மருந்து கொடுத்தால் ஆள் எப்படிப் பேச்சை நிறுத்துவான், செத்த உடம்பு எப்போது விறைக்கும், பிரசவ வார்டில் காலை எத்தனை மணிக்குக் காப்பி வரும், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தங்களுக்குத் தோன்றியதை எழுதினார்கள். எழுதி முடித்து, மறக்காமல் அவளுக்கு நன்றி போட்டார்கள். நன்றி போட்ட புத்தகத்தில் இருக்கும் தப்பெல்லாம் அவள் உடம்பில் வந்து சேர்ந்தது.

மேலப்பாளையத்து ஆசிரியை தஸ்மியா தன் குறுநாவலில் ஒரு பிள்ளைக்கு நூற்றுப் பதினைந்து டிகிரி காய்ச்சல் வைத்தாள். நூற்றைந்தே ஆபத்து என்று சித்ரலேகா சொல்லியிருந்தாள். அந்தத் துயரத்துக்கு நூற்றைந்து போதவில்லை என்பது தஸ்மியாவின் கட்சி. புத்தகம் வந்ததும் சித்ரலேகாவின் உடம்பு கொதித்தது. அவள் கணவர் சங்கரசுப்பிரமணியன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாதவர். பால் உறையட்டும் என்று பாத்திரத்தை அவள் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, “இந்தத் தடவ யாரு புஸ்தகம்?” என்று கேட்டார். தஸ்மியா அழுதுகொண்டே ஓடிவந்தாள். கையிலிருந்த எல்லாப் பிரதிகளையும் ஆட்டோவில் ஏற்றி வடக்கு ரத வீதியில் சித்ரலேகாவின் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து, திருத்தச் சீட்டை ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். கட்டுகள் குறையக் குறையக் காய்ச்சலும் குறைந்தது. விற்றுப்போன சில பிரதிகளுக்காக மட்டும் சித்ரலேகாவுக்கு இன்றும் சாயங்கால நேரத்தில் லேசாக உடம்பு சுடும். இன்னொருவர் நாவலில் கதாநாயகிக்கு ஒரே ராத்திரியில் தலை நரைத்தது. வளர்ந்து நிற்கிற முடி அப்படி நிறம் மாறாது என்று சித்ரலேகா சொன்னதை அவரும் குறித்துத்தான் வைத்திருந்தார். அது திருத்தப்படவில்லை. சித்ரலேகாவும் வெளுத்த தலைக்குச் சாயம் போடவில்லை.

போவதை நிறுத்திவிடு என்று சங்கரசுப்பிரமணியன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அதற்குக் காரணம் முத்துராணி.

முத்துராணி சேரன்மகாதேவிக்காரி. வயல் வேலைக்குப் போகிறவள். நெல் அவித்துக்கொண்டிருக்கும்போது சேலையில் தீப்பிடித்து வார்டுக்கு வந்தாள். வந்த அன்று நன்றாகப் பேசினாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள், மாமியாரைக் குறை சொன்னாள், தண்ணீர் கேட்டாள். தீக்காயம் அப்படித்தான், முதல் நாள் ஆள் தெளிவாகப் பேசுவார்கள். அவள் புருஷன் செந்தில்முருகனை வராந்தாவுக்கு அழைத்துப்போய், இங்கேயே இரு, பேச வேண்டியதை இன்றைக்கே பேசிவிடு என்று சித்ரலேகா சொன்னாள். அவன் அவளை ஏதோ விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “இவ்வளவு பேசுதாள்லா சிஸ்டர். கதையில, படத்துல எல்லாம் சாகப்போறவங்க திக்கித் திக்கில்லா பேசுவாங்க? பொழச்சிருவா. நான் புள்ளையள விட்டுட்டு வாரேன்” என்று சொல்லிப் பஸ் ஏறினான். அவன் திரும்பி வந்தபோது அவளுக்கு முகம் வீங்கித் தொண்டையில் குழாய் போட்டிருந்தது. அதன்பிறகு அவள் சாகும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. முத்துராணிக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் சித்ரலேகா அவளுடைய இடது உள்ளங்காலைப் பிடித்துக்கொள்வாள். தீ படாமல் இருந்தது அந்த இடம் மட்டும்தான். பிடித்துக்கொண்டதால் வலி ஒரு துளிகூடக் குறையவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கையை எடுக்க முத்துராணி விடமாட்டாள், கட்டைவிரலை வளைத்துச் சித்ரலேகாவின் விரலைப் பற்றிக்கொள்வாள். கதை எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதியிருந்தால் செந்தில்முருகன் அன்று பஸ் ஏறியிருக்க மாட்டான். இந்த எண்ணம்தான் சித்ரலேகாவைப் பேட்டைக்குத் துரத்திக்கொண்டே இருந்தது.

நடராஜ் ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மாவட்டத்தில் அவர் பெயருக்கு ஒரு கனம் உண்டு. தீக்காயம்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பெரிய நாவல் எழுதப்போவதாகச் சொல்லிச் சித்ரலேகாவின் வீட்டுக்குப் பல சாயங்காலங்கள் வந்தார். அவர் கவனித்துக் கேட்கிற ஆள். பேச்சின் நடுவே குறுக்கிடமாட்டார். அதனால் முத்துராணியைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். வாசனையைச் சொன்னாள், வராந்தாவைச் சொன்னாள், உள்ளங்காலைச் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் முழுக்க அவள் நம்பிக்கையோடு இருந்தாள். தானே எழுத வேண்டும் என்று எடுத்து வைத்திருந்ததைக்கூட, பெரியவர் எழுதினால் நிறையப் பேர் படிப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

நாவல் வந்தது. அதில் நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் வலி, விடிந்ததும் விலகுகிற பனியைப்போல விலகியது. அந்தப் பெண் கடைசி நாள்வரை இனிய குரலில் பேசி, தூங்குவதுபோலச் செத்தாள். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் சித்ரலேகாவுடையது. அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள்.

“காலு, அண்ணாச்சி. நான் பிடிச்சது காலு. கை எங்க இருந்தது அவளுக்குப் பிடிக்க?”

“காலுன்னு போட்டா அழகா இல்லம்மா” என்றார் நடராஜ்.

“வலி போகவே இல்ல. அதத்தான அத்தன நாளு சொன்னேன்?”

“சொல்லத்தான் செஞ்ச. ஆனா வாசகன் தாங்கமாட்டான்.”

“முத்துராணி தாங்கினாளே!”

அவர் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். பிறகு, அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார். சரி, என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள். நன்றி மறக்கச் சொல்லாதே, அது மட்டும் என்னால் ஆகாது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை உடம்பில் எங்கே அடி விழப்போகிறதோ என்று கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலை, இட்லிச் சட்டியைத் திறந்த சங்கரசுப்பிரமணியன் ஆவி அடித்துக் கத்தினார். சித்ரலேகா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தல் பாதியில் நின்றது. தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது, வலி மட்டும் இல்லை. கையை எடுத்தாள், அவர் துடித்தார். திரும்ப வைத்தாள், நின்றது. “என்னவே இது” என்று அவர் தன்னிடமே கேட்பதுபோலக் கேட்டார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. அவர் கையை விடாமலே அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, “இப்ப வந்து என்னத்துக்கு? அவ கத்தும்போது எங்க போயிருந்த?” என்று தன் உள்ளங்கையைப் பார்த்துச் சத்தம்போட்டு அழுதாள்.

மறுநாள் வார்டுக்குப் போனாள். அன்று தொடங்கி வாரம் முழுக்கப் போனாள். அவள் கை எதையும் குணப்படுத்தவில்லை. பிழைக்கிறவர்கள் பிழைத்தார்கள், சாகிறவர்கள் செத்தார்கள். கட்டு மாற்றும் நேரத்தில் அவள் தொட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு வலி இல்லை, அவ்வளவுதான். டாக்டர்கள் முதலில் வரிசையாக வந்து பார்த்தார்கள், பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டு, கட்டு மாற்றும் நேரத்தை அவளுக்குத் தோதாக மாற்றி வைத்தார்கள். அவள் செய்கிற இன்னொரு வேலை யாரும் சொல்லாமல் செய்வது. புதிதாக ஆள் வந்தால் சொந்தக்காரர்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய், நன்றாகப் பேசுகிறார்கள் என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள் என்பாள். சில பேர் கேட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் நடராஜிடமிருந்து போன் வந்தது. நாவல் இரண்டாம் பதிப்பு போகிறது, அந்த அத்தியாயத்தை அடியோடு மாற்றிவிட்டேன், வந்து படித்துப்பார் என்றார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அவள் போய் நின்றபடியே படித்தாள். முத்துராணி அந்தத் தாளில் இருந்தாள். மாமியாரைக் குறை சொன்னாள், தண்ணீர் கேட்டாள். செந்தில்முருகன் பஸ் ஏறினான். நர்ஸ் உள்ளங்காலைப் பிடித்தாள், வலி போகவில்லை, கட்டைவிரல் வளைந்தது. எத்தனையோ வருஷமாகப் பேட்டை மாடியில் தொண்டை வறளச் சொல்லி அவள் எதிர்பார்த்த பக்கம் அதுதான். படித்து முடிக்கும்போது அவள் கை குளிர்ந்திருந்தது.

“இத அச்சுல ஏத்தாதீங்க அண்ணாச்சி” என்றாள்.

நடராஜ் காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தார். அவள் திரும்பச் சொன்னாள். வார்டையும் கையையும் பற்றிச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டார். “வெளையாடுதியாம்மா? நீ ஏசினதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. நாப்பது வருஷத்துல நான் எழுதினதுலயே இது ஒண்ணுதான் நெசம். இதையா வேண்டாங்குத?”

“நெசந்தான். இதவிட யாரும் எழுத முடியாது. ஆனா பிரியதர்ஷினின்னு ஒரு பிள்ள கிடக்கா. காலேஜ்ல படிக்கா. நாளைக்கு அவளுக்குக் கட்டு மாத்தணும்.”

“ஒம் பேர எடுத்திருதேன். அப்பச் சரியாப் போகும்லா?”

“பேர எடுத்தா கையும் போயிரும். பேரும் இருக்கணும், தப்பும் இருக்கணும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாள்களை அடுக்கினார், கலைத்தார், திரும்பவும் அடுக்கினார். எழுதுகிறவனிடம் கேட்கக்கூடாததை அவள் கேட்டுவிட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் அவர், “படிக்கிறவன் காறித் துப்புவான்” என்றார். துப்பட்டும் என்றாள். அவர் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவளை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. இரண்டாம் பதிப்பு பழையபடியே வந்தது, கை, பனி, இனிய குரல் எல்லாம் இருந்தன. அதன்பிறகு அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. இன்னொரு நாவல் எழுதவும் இல்லை.

துப்பத்தான் செய்தார்கள். பேட்டைக் கூட்டத்துக்கு வந்த ஒரு இளம் டாக்டர், புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தீக்காயத்தை இப்படி எழுதுவது அயோக்கியத்தனம், இதற்குத் தகவல் தந்த செவிலியர் தீக்காய வார்டைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டார். ஐயம்பெருமாள் பதற்றத்தோடு எழுந்தார். தஸ்மியா அழத் தயாரானாள். சித்ரலேகா இருவரையும் உட்காரச் சொன்னாள். “நீங்க சொல்லுதது சரிதான் டாக்டர். அப்பிடி நடக்காது. தப்புத்தான்” என்று சொல்லிவிட்டு, சேலையில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே போனாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் சொல்ல நினைத்ததுதான், அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பிரியதர்ஷினி பிழைத்து வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஷிபின் என்ற ஆண் செவிலியருக்கு முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. கட்டைப் பிரிக்கிறார்கள், யாரும் கத்தவில்லை, அந்த அம்மாள் நோயாளியோடு வெண்டைக்காய் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறார். இது என்ன என்று மூத்த சிஸ்டரிடம் கேட்டார். “ஒரு புஸ்தகத்துல தப்பா எழுதிட்டாங்க, அதனால” என்றாள் அவள், கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு. ஷிபின் எடுத்துத் தந்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மா எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்டார். மின்விசிறி இருக்கிற பக்கம் என்று சித்ரலேகா சொன்னாள்.